ஹீட்டரும் ரேடியோவும் இல்லாத கார்வெட்

1967 மாடலாக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் 22,940 செவ்ரலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்கள் தயாராயின. அதில் எல்88 என்ற எஞ்சினோடு வெளியே போனவை வெறும் 20. இந்த இருபதும் பந்தயத்துக்கென்றே கம்பெனி செய்தவை, ஆனால் கம்பெனி அப்படி வாயைத் திறந்து சொல்லவே இல்லை, எல்லாத் தலைவலிக்கும் மூலம் அதுதான். வெளியே நின்று பார்த்தால் அந்த வருடத்துப் பெரிய எஞ்சின் கார்வெட் எதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. 2014 ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடந்த பேரட்-ஜாக்சன் ஏலத்தில் சிவப்பு எல்88 கூபே ஒன்று 38.5 லட்சம் டாலருக்குப் போனது. சாதாரணப் பெரிய எஞ்சின் கார்வெட்டின் விலை அதில் ஒரு சிறு துண்டு. நடுவில் இருக்கிற அந்தத் தொகைக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலைக்காக அமெரிக்காவின் நடுப்பகுதியில் சில வருடங்கள் இருந்தபோதுதான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், எஞ்சின் பட்டறையில் காலமெல்லாம் சிலிண்டருக்குப் போர் போட்டு, ஃபேஸிங் செய்து ஓய்வு பெற்றவர். கோடையில் ஊர் ஊராகப் பழைய கார்க் கூட்டங்களுக்குப் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். எனக்கு அந்தக் கார்களை வாங்கும் வசதியும் இல்லை, ஓட்டும் துணிச்சலும் இல்லை. ஒரு கார் உண்மையா பொய்யா என்று அவர் குனிந்து பார்க்கும் விதம்தான் என்னை இழுத்தது. நம்மூரில் பழைய வண்டி கைமாறும்போது சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதேதான் அங்கேயும் ஆரம்பம். அதற்கு மேலே போகும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

முதலில் இந்தக் கார் ஏன் இப்படி முகமூடி போட்டுக்கொண்டு பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1957-இல் அமெரிக்கக் கார்க் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நாங்கள் நேரடியாகப் பந்தயத்தில் இறங்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டன. யாரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. 1963 ஜனவரியில் செவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் மறுபடியும் கண்டிப்பாகக் கதவைச் சாத்தியது. கார்வெட்டின் பின்னால் இருந்த பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டவ், கிராண்ட் ஸ்போர்ட் என்ற எடை குறைந்த பந்தயக் காரை 125 செய்வதாகத் திட்டம் போட்டிருந்தார். ஐந்தோடு நின்றது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. பந்தயக் கார் செய்யக்கூடாது என்றால் சரி, சாதாரணக் காருக்குக் கூடுதல் சாமான்கள் விற்கலாம் இல்லையா? விலைப்பட்டியலில் எண் கொடுத்து, எந்த ஷோரூமிலும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று வைத்துவிட்டால் அது பந்தயக் கார் இல்லை, வெறும் ஆப்ஷன். அப்படி வந்ததுதான் எல்88.

எஞ்சினுக்கு மட்டும் 947.90 டாலர். மூடிய கூபேயின் அடிப்படை விலையே 4,388.75 டாலர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். அதோடு முடியவில்லை. எல்88 கேட்டால் எம்22 கியர்பாக்ஸ், ஜே56 பந்தய பிரேக், எஃப்41 ஸ்பிரிங், கே66 டிரான்சிஸ்டர் இக்னிஷன், ஜி81 டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஹீட்டர் கிடையாது, சி48 என்ற எண்ணில் அதைக் கழற்றியே கொடுப்பார்கள். ரேடியோ கேட்டாலும் தர மாட்டார்கள். கார்புரேட்டரில் சோக் இல்லை. ரேடியேட்டருக்கு விசிறி உறை இல்லை, டிராஃபிக்கில் நின்றால் கொதித்துவிடும். குறைந்தது 103 ஆக்டேன் பெட்ரோல் போடாவிட்டால் எஞ்சின் கெடும் என்று உள்ளே எச்சரிக்கை ஸ்டிக்கர் வேறு. இதெல்லாம் வேண்டுமென்றே செய்தது. தெருவில் அலட்டிக்கொள்ள வாங்குகிறவனை விரட்டுவதற்கு.

விரட்டுவதற்கான உச்சக்கட்டம் குதிரைத்திறன். அதே வருடம் எல்71 என்று இன்னொரு எஞ்சின், மூன்று கார்புரேட்டர், 435 குதிரைத்திறன், கூடுதல் விலை 437.10 டாலர். எல்88-க்குக் கம்பெனி எழுதிய எண் 430. இரண்டு மடங்குக்கு மேல் காசு கொடுத்து ஐந்து குதிரை குறைவாக யார் வாங்குவான்? உண்மையில் 12.5-க்கு 1 கம்ப்ரஷனும், அலுமினிய ஹெட்டும், 850 அளவு ஹாலி கார்புரேட்டரும் கொண்ட இந்த எஞ்சின் 500-ஐ எளிதாகத் தாண்டும். விலைப்பட்டியலை மட்டும் படித்தவன் எல்71 வாங்கினான், டன்டவின் ஆட்களோடு பேசியவன் எல்88 வாங்கினான். கணக்கு அவ்வளவுதான்.

சரி, இப்போது ஒரு 1967 கார்வெட் எதிரே நிற்கிறது, விற்பவர் எல்88 என்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

சேஸிஸ் நம்பர் உதவாது. கிளவ் பாக்ஸுக்குக் கீழே உள்ள தகட்டில் 19437 என்று ஆரம்பித்தால் கூபே, 19467 என்றால் மேற்கூரை மடக்குவது. அடுத்த 7 வருடம், எஸ் என்றால் செயின்ட் லூயிஸ், அப்புறம் 1-இல் தொடங்கும் ஆறு இலக்க வரிசை எண். எஞ்சினைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு தகட்டில் பெயிண்ட், சீட் நிறம், பாடி செய்த தேதி. அங்கேயும் எஞ்சின் பற்றி மூச்சு இல்லை. மஸ்டாங்கைப் பந்தயக் காராக மாற்றிய ஷெல்பி, ஜிடி350 காரில் தெருவுக்குப் போவதற்கு எஸ், பந்தயத்துக்குப் போவதற்கு ஆர் என்று எண்ணிலேயே பிரித்து எழுதிவிட்டார். போர்ஷே ஒவ்வொரு காருக்கும் அட்டை எழுதி வைத்திருக்கிறது. அதே ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவாக இருந்த பான்டியாக்குக்குக்கூடக் கார்வாரியான பதிவு பிழைத்திருக்கிறது. கார்வெட்டுக்கு அந்த பாக்கியம் இல்லை. பழைய கார்வெட்டுகளைப் புதுப்பிப்போர் சங்கமான என்சிஆர்எஸ் மூலம் ஒரு காகிதம் வாங்கலாம், அதில் கார் எந்த டீலருக்குப் போனது என்று தெரியும், என்ன ஆப்ஷனோடு போனது என்று தெரியாது.

ஆக, நம்பகமான காகிதம் என்று இருப்பது பெட்ரோல் டேங்க் மேலே ஒட்டிய தாள். 1967-இலிருந்து செயின்ட் லூயிஸில் ஒரு பழக்கம்: காரின் ஆர்டர் நகலை டேங்கின் மேல்பரப்பில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். டேங்க் காருக்குள் போனபின் அந்தத் தாள் யார் கண்ணிலும் படாது. வாங்குபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அவருக்காக ஒட்டியதும் இல்லை. கட்டம் கட்டமாக ஆப்ஷன் எண்கள், மேலே காரின் வரிசை எண். டேங்கை இறக்கிப் பார்த்து எல்88 என்று தட்டச்சு செய்த கட்டம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆனால் அது காகிதம். ஈரம் படும், எலி கடிக்கும், டேங்கைக் கட்டியிருக்கும் பட்டையின் கீழே உரசித் தேயும். பந்தயத்துக்குப் போன கார்களில் டேங்கையே மாற்றியிருப்பார்கள், பழைய டேங்க் தாளோடு குப்பைக்குப் போயிருக்கும். போலித் தாளும் வருகிறது. பெரியவர் தாளைப் பார்க்கும்போது எழுத்தை முதலில் பார்க்கவே மாட்டார். தாளுக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள துருவைப் பார்ப்பார், பட்டை அழுத்திய இடத்தில் தாளின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஐம்பது வருடம் டேங்கில் ஒட்டியிருந்த தாள் டேங்கோடு சேர்ந்து கிழடாகியிருக்க வேண்டும். தாள் மட்டும் மஞ்சளாகி டேங்க் புதுசாக மின்னினால் அவர் அந்தக் காரை விட்டு நகர்ந்துவிடுவார், விற்பவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்.

இன்னொரு காகிதம், சரியாகச் சொன்னால் தகடு. வாரண்டிப் புத்தகத்தில் பதித்துக் கொடுத்த சின்ன உலோகத் தகடு, புரொடெக்ட்-ஓ-பிளேட் என்று பெயர். சர்வீஸுக்குப் போனால் அதை வைத்து அழுத்தி எண்களைப் படியெடுப்பார்கள். அதில் சேஸிஸ் நம்பரும் எஞ்சின் குறியீடும் சேர்ந்தே புடைத்திருக்கும். இது கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். முதல் சொந்தக்காரர் புத்தகத்தைத் தூக்கி எறியாமல் இருந்திருக்க வேண்டுமே.

காகிதம் இல்லையென்றால் எஞ்சின். இங்கேதான் சந்தையின் கண் முழுக்க இருக்கிறது, எனக்குச் சண்டை வருவதும் இங்கேதான்.

எஞ்சின் பிளாக்கில் வலது பக்க ஹெட்டுக்கு முன்னால் விரல் நீளத்துக்கு ஒரு தட்டையான இடம். அதில் இரண்டு முத்திரைகள். ஒன்று நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா எஞ்சின் தொழிற்சாலையில் அடித்தது: டி என்ற எழுத்து, மாதம், தேதி, கடைசியில் எஞ்சின் வகைக்கான இரண்டெழுத்து. எல்88-க்கு ஐடி. நான்கு கியர் எல்71-க்கு ஜேஇ. இன்னொன்று அந்த எஞ்சின் செயின்ட் லூயிஸ் வந்து குறிப்பிட்ட காரில் ஏறும்போது அடித்தது: வருடத்துக்கான 7, அப்புறம் காரின் வரிசை எண். இரண்டும் இரண்டு ஊரில், இரண்டு கை, இரண்டு கருவி. ஆகவே இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில், ஒரே எழுத்து வடிவத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அழகாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

முத்திரைக்கு அடியில் இன்னொரு சாட்சி இருக்கிறது. பிளாக்கின் மேல்பரப்பைத் தொழிற்சாலையில் புரோச் என்ற பெரிய வெட்டுக் கருவியால் ஒரே இழுப்பில் சீவுவார்கள். அது முன்னிருந்து பின்னாக மயிரிழை போன்ற நேர்கோடுகளை விட்டுவிட்டுப் போகும். முத்திரை அந்தக் கோடுகளின் மேல் அடிக்கப்பட்டிருக்கும். யாராவது ஜேஇ-யைத் தேய்த்து அழித்துவிட்டு ஐடி அடித்தால் கோடுகள் போய்விடும், அல்லது குறுக்கே புதுக்கீறல்கள் இருக்கும். கோட்டையே செயற்கையாகப் போடும் கில்லாடிகளும் இருக்கிறார்கள், அதற்கு பூதக்கண்ணாடி. வார்ப்பு எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது, எல்71-க்கும் எல்88-க்கும் பிளாக் ஒன்றுதான், 3904351. வார்ப்புத் தேதி கொஞ்சம் உதவும். ஒரு எழுத்து மாதம், அப்புறம் நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். பிளாக்கை வார்த்த தேதி முதலில், எஞ்சின் பூட்டிய தேதி அடுத்து, கார் தயாரான தேதி கடைசி, இந்த வரிசை தவறக்கூடாது. கார் பிப்ரவரியில் பிறந்து எஞ்சின் ஏப்ரலில் வார்க்கப்பட்டிருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். முத்திரை அடிக்கும் அந்தத் தட்டை இடமும், ஹெட் உட்காரும் மேல்பரப்பும் ஒரே தளம். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கும்போது ஹெட் கேஸ்கெட் சரியாக உட்கார அந்தப் பரப்பை ஃபேஸிங் செய்வார்கள். செய்தால் முத்திரையும் கோடுகளும் சேர்ந்தே சீவப்பட்டுப் போகும். பெரியவர் தன் கையாலேயே எத்தனையோ எஞ்சின்களில் முத்திரையைச் சீவித் தள்ளியிருக்கிறார், அறுபதுகளின் கடைசியில், எழுபதுகளில். அப்போது அந்த எண்களுக்குப் பத்துப் பைசா மதிப்பில்லை. வாடிக்கையாளருக்கு அடுத்த சனிக்கிழமை பந்தயத்துக்கு எஞ்சின் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது யோசியுங்கள். எல்88 பந்தயத்துக்காகச் செய்யப்பட்டது. பந்தயத்தில் ஓடும் எஞ்சின் என்ன ஆகும்? உடையும். பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில், 1967-இல், டேனா செவ்ரலே என்ற கலிஃபோர்னியா டீலர் அனுப்பிய எல்88-ஐ டிக் குல்ட்ஸ்ட்ராண்டும் பாப் பாண்டுரண்ட்டும் ஓட்டினார்கள். நீண்ட நேர்பாதையில் மணிக்கு 170 மைலைத் தாண்டியது, தன் பிரிவில் முன்னணியில் இருந்தது, எஞ்சின் உடைந்து வெளியேறியது. அதே வருடம் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் சன்ரே-டிஎக்ஸ் அணியின் எல்88-ஐ டான் யென்கோவும் டேவ் மார்கனும் ஓட்டி ஜிடி பிரிவில் முதலாவதாகவும் மொத்தத்தில் பத்தாவதாகவும் வந்தார்கள். இப்படி ஓடின கார்களின் எஞ்சின்கள் ஒவ்வொரு பருவத்திலும் இறங்கின, ஏறின, பிளாக் மாறியது. நேர்கோட்டில் குறுந்தூரம் விரட்டும் டிராக் ரேஸுக்கு வாங்கியவர்களின் கதையும் இதேதான்.

ஆனால் சந்தை என்ன கேட்கிறது? எண் பொருந்துகிறதா, பிறவி எஞ்சினா என்று. அதாவது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்யாமல் ஷெட்டில் தூங்கிய காருக்கு முதல் மரியாதை. செய்த காருக்கு, எஞ்சின் போனதால், மார்க் குறைவு. அந்த மார்க்கைச் சரிக்கட்டத்தான் ஒருவர் இதே 427 கன அங்குல அளவில் பழைய பிளாக் ஒன்றைத் தேடிப் பிடித்து, தேதி பார்த்து, சீவி, கோடு போட்டு, ஐடி என்று அடிக்கிறார். இதில் பெரிய கொடுமை என்னவென்றால் சில சமயம் அது உண்மையான எல்88 காராகவே இருக்கும். நிஜமான காரின் மேல் போலி முத்திரை. அதைக் கண்டுபிடித்தவன் கார் முழுவதையும் போலி என்று ஒதுக்கிவிடுவான். முத்திரை இல்லாத பிளாக்கோடு அந்தக் காரை அப்படியே விட்டிருந்தால் அது இன்னும் நேர்மையான சாட்சியாக இருந்திருக்கும். இதைச் சொன்னால் ஏலக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதனால் என் பட்டியலில் எஞ்சின் முத்திரைக்கு முன்னால் வேறு சில வரும். முதலாவது, இல்லாத பொருட்கள்.

எல்88-இல் போட்ட எல்லாவற்றையும் பிறகு காசு கொடுத்துப் பூட்டலாம். ஹெட், கார்புரேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் செவ்ரலே கவுண்டரிலேயே கிடைத்த சாமான். ஆனால் ஒரு காரில் தொழிற்சாலை ஒன்றைப் போடாமல் விட்டதை, போட்டபின் கழற்றியதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியும். ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கார்வெட்டின் ஆன்டெனா இடது பின்பக்கம் உடலில் துளை போட்டு நிற்கும். ரேடியோ இல்லாமல் பிறந்த காரில் துளையே இருக்காது. எல்71-ஐ எல்88 ஆக்குகிறவர் அந்தத் துளையை ஃபைபரால் அடைத்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பார், மேலே கண்டுபிடிக்கவே முடியாது. கீழே கையை விட்டுத் தடவினால் தெரியும். அடிப்பக்கம் தொழிற்சாலைப் பரப்புக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, புதிதாக ஒட்டுப்போட்ட இடம் அப்படி இருக்காது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம். கார்வெட்டின் உடல் ஃபைபர், இரும்பு இல்லை. அதனால் ஸ்பார்க் பிளக் வயர்களின் மின்சாரத் தொந்தரவு ரேடியோவில் கொரகொரவென்று கேட்கும். அதைத் தடுக்க டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றியும் வயர்களின் மேலும் பளபளக்கும் குரோம் உறைகள் போட்டார்கள். ரேடியோ இல்லாத காருக்கு உறை தேவையில்லை, போடவில்லை. அந்த உறைகள் கண்ணுக்கு அழகு. பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் அழகுக்காக அதை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். எல்88 என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தால் உள்ளே குரோம் மின்னினால், ஒன்று கார் பொய், அல்லது காரைப் புதுப்பித்தவருக்குத் தான் என்ன காரைப் புதுப்பித்தோம் என்று தெரியவில்லை.

ஹீட்டரும் அப்படியே. எஞ்சினுக்கும் காருக்கும் நடுவில் உள்ள சுவரில் ஹீட்டர் உட்காரும் இடத்தை மூடித் தகடு அடைத்திருக்க வேண்டும். பானெட்டை மட்டும் வெளியே பார்த்துப் பயனில்லை, அந்த வருடத்துப் பெரிய எஞ்சின் கார்கள் எல்லாவற்றிலும் நடுவில் அந்தக் கூர்மையான மேடு உண்டு. எல்88-இல் மட்டும் அந்த மேடு உண்மையில் வேலை செய்யும், கண்ணாடிக்கு அடியிலிருந்து காற்றை இழுத்துவரும். ஏர் ஃபில்டர் கார்புரேட்டரின் மேல் மூடிய டப்பாவாக இல்லாமல் பானெட்டோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும். எல்71-இல் அந்த இடத்தில் முக்கோணமாக ஒரு பெரிய ஃபில்டர். எல்88-இன் பிரேக்கில் முன்சக்கர பேட்களை இரண்டு பின்கள் பிடித்திருக்கும், மற்றவற்றில் ஒன்று. ஆனால் இதெல்லாம் மாற்றக்கூடியவை, ஒரு மாலைப்பொழுது போதும். எம்22 கியர்பாக்ஸ் அந்த வருடம் 20 தான் விற்றது, எல்88-ஓடு மட்டும். பின் வருடங்களில் வந்த எம்22 ஏராளம் கிடைக்கிறது, தேதி பார்க்காமல் நம்பக்கூடாது.

இரண்டாவது, தழும்புகள். பந்தயத்தில் ஓடிய காருக்கு இதுதான் ஆதார் அட்டை. ஃபைபர் உடலுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு நசுங்கினால் தட்டி நிமிர்த்திவிடலாம், டிங்கரிங் செய்பவர் கெட்டிக்காரர் என்றால் தடமே இருக்காது. ஃபைபர் உடையும், கிழியும். ஒட்டுப்போட்டால் அடியில் அந்த ஒட்டு என்றைக்கும் இருக்கும். அகலமான டயருக்காகச் சக்கரத்தின் மேல் உடலை வெட்டி விரித்த கோடு, ரோல் பார் போல்ட் போட்ட துளைகள், எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு முன்னால் அறுத்த ஓட்டை, பெரிய பெட்ரோல் மூடிக்காகப் பின்பக்கம் குடைந்த வட்டம். பிறகு வந்தவர்கள் இதையெல்லாம் அடைத்து, காரைத் திரும்பத் தெருக்காராக மாற்றியிருப்பார்கள், எழுபதுகளில் பழைய பந்தயக் கார் என்றால் வெறும் பழைய கார்தான். பெயிண்டை உரித்தால் எல்லாம் வெளியே வரும்.

அந்தக் கோடுகளைப் பழைய பந்தயப் புகைப்படங்களோடு பொருத்துவார்கள். செப்ரிங் போன்ற இடங்களில் படம் பிடித்தவர்கள் ஏராளம், நெகட்டிவ்கள் இன்னும் கிடைக்கின்றன. ஒரு ரிவெட் வரிசையில் நான்காவது மட்டும் கொஞ்சம் விலகியிருக்கிறது, படத்திலும் விலகியிருக்கிறது என்றால் அதை யாரும் திட்டம் போட்டுப் போலி செய்வதில்லை. பெரியவரோடு ஒரு கொட்டகையில் பெயிண்ட் உரித்த கார்வெட் உடல் ஒன்றின் அடியில் டார்ச் அடித்துப் படுத்துக் கிடந்திருக்கிறேன். எல்88 இல்லை அது, யாரோ சின்னப் பந்தயங்களில் ஓட்டிய சாதாரணக் கார். ஆனாலும் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு விபத்து, ஒவ்வொரு துளைக்கும் ஒரு அவசர இரவு என்று அவர் வாசித்துக்கொண்டே போனார். முத்திரையைப் பார்க்கும்போது அவர் முகத்தில் அந்த ஆர்வத்தை நான் பார்த்ததில்லை.

டேங்க் தாள் வருவதற்கு முந்தைய வருடங்களில் இந்தத் தழும்பு வித்தையை விட்டால் அநேகமாக வேறு வழியில்லை. 1963-இல் பந்தயத்துக்கென்றே இசட்06 என்ற ஆப்ஷன், 1,818.45 டாலர், மொத்தம் 199 கார்கள். துடுப்பு வைத்த பெரிய டிரம் பிரேக், உள்ளே காற்றாடி, பின்தகட்டில் காற்று பிடிக்க யானைக்காது மாதிரி இரண்டு மடல், கடினமான ஸ்பிரிங், 36.5 காலன் பெட்ரோல் டேங்க். நம் கணக்கில் 138 லிட்டர். பிறகு அந்த டேங்கைத் தனி ஆப்ஷனாகப் பிரித்து விலையைக் குறைத்தார்கள், கடைசியில் 63 கார்களில்தான் அது போனது. 1962 அக்டோபரில் ரிவர்சைடில் நடந்த மூன்று மணி நேரப் பந்தயத்தில் இந்த வகைக் கார்கள் நான்கு முதன்முறையாக இறங்கின, ஷெல்பியின் கோப்ராவுக்கும் அன்றுதான் அறிமுகம். கோப்ரா முன்னே ஓடி அச்சு உடைந்து நின்றது, மற்ற மூன்று இசட்06 கார்களும் வெளியேறின, மிக்கி தாம்ப்ஸன் அனுப்பிய காரை ஓட்டிய டக் ஹூப்பர் ஜெயித்தார். இந்த இசட்06 கார்களில் பெரிய டேங்க் உள்ளதை மட்டும் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம், அந்த டேங்க் பின்பக்கச் சாமான் இடத்தைத் தின்றுவிடுவதால் உள்ளே உள்ள ஃபைபர் வேலையே வேறு. பிரேக்கை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

1968-இல் 80, 1969-இல் 116 எல்88 கார்கள் வந்தன, அவற்றுக்கு உயர்ந்த தனி பானெட் இருப்பதால் வெளியிலிருந்தே தெரியும் என்று நினைப்பார்கள். அந்த பானெட்டின் நகல் எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கும், பாதிக் கார்வெட்டுக்காரர்கள் அதைப் பூட்டியிருக்கிறார்கள். 1969-இல் முழு அலுமினிய இசட்எல்1 எஞ்சினோடு இரண்டே கார்வெட்டுகள் போயின, அந்த ஆப்ஷன் மட்டும் 4,718.35 டாலர். அதை யாரும் தெருவோரம் கொண்டுவந்து விற்கப்போவதில்லை, எனவே அடையாளம் காணும் கவலையும் இல்லை. அந்த வருடங்களில் பயனுள்ள ஒரு சங்கதி உண்டு: வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தால் புது பிளாக்கில் சிஇ என்று தொடங்கும் எண் அடித்திருப்பார்கள். சந்தை அதைக் குறையாகப் பார்க்கிறது. எனக்கு அது, யாரோ இந்தக் காரை நிஜமாகவே மிதித்தார்கள் என்பதற்குக் கம்பெனி கொடுத்த ரசீது.

ஆகவே எல்88 என்று ஒரு காரை யாராவது காட்டும்போது நான் எஞ்சின் நம்பரைக் கேட்பதில்லை. முதல் எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்பேன். எந்த வருடம், எந்த மைதானத்தில், எந்த கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வந்தது, அப்புறம் யார் எங்கிருந்து பிளாக் வாங்கிப் போட்டார்கள் என்று விற்பவர் சொல்ல ஆரம்பித்தால், கையில் ஒரு பழைய பில்லோ கறுப்பு-வெள்ளைப் படமோ இருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பிறவி எஞ்சின்தான், திறக்கவே இல்லை, முத்திரையைப் பாருங்கள் எவ்வளவு தெளிவு என்றால், டேங்கை இறக்கலாமா என்று கேட்பேன்.